மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு

"வாளியை எடுக்காதீங்க" என்றாள் மூத்தவள்.

அடுத்த வீட்டுத் தையல்காரம்மா குனிந்தபடியே நின்றுவிட்டாள். கைப்பிடி அவள் விரலில் பாதி மாட்டியிருந்தது. வாசலிலிருந்து அப்பாவின் அறைக்குப் போகும் நடைவழியின் நட்டநடுவில் அந்த நீல வாளி இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதன்முன் ஒரு கணம் நின்று, இடமா வலமா என்று யோசித்து, சுவரை உரசிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது.

"கால்ல தட்டுதேம்மா. வயசானவங்க நாலு பேரு வர்ற நேரம்."

"பதினோரு மணிக்கு ஒருத்தர் வந்து பாக்கணும். அதுவரைக்கும் எது எங்க இருக்கோ அங்கயே இருக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. பன்னிரண்டு நாளாக இதையேதான் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். வார்த்தை மாறவில்லை. கேட்கிற ஆள்தான் மாறியிருந்தார்.

தையல்காரம்மா கையை எடுத்துக்கொண்டாள். மேலே, ஃபால்ஸ் சீலிங்கின் உடைந்த பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டு கீழே இறங்கி வாளியில் விழுந்தது. மூன்று விநாடி கழித்து இன்னொன்று.

மூத்தவளுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாடகைக்கு வந்த நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். பிறகு அந்த வரிசை கோணலாக இருப்பதாகத் தோன்றி மாற்றிப் போட்டாள். அப்பாவின் அறைக்குப் போய், கட்டிலோரம் அம்மா அசையாமல் அமர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அடுப்படிக்குப் போனாள்; எதற்குப் போனோம் என்று தெரியாமல் வந்தாள். போன் அடித்தது. "ஆமா, காலையில. ஆமா, ஹார்ட்டுதான். மூணு மணிக்கு வண்டி" என்று ஏழாவது முறையாகச் சொன்னாள்.

காலை ஐந்தரைக்கு நடைவழியில் ஏதோ சரிந்த சத்தம் கேட்டு அவள்தான் முதலில் எழுந்து வந்தாள். சுவரோரம் எப்போதும் சாத்தியிருக்கும் ஏணி விரித்துப் போடப்பட்டிருந்தது. அதன் காலடியில் அப்பா ஒருக்களித்துக் கிடந்தார். பக்கத்தில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு, தரையெல்லாம் ஈரம். ஆறேகாலுக்கு வந்த கிளினிக் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, கண்ணில் டார்ச் அடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மாஸிவ் அட்டாக். படுத்திருந்தாலும் வந்திருக்கும்" என்றார். ஏணியில் ஏறியதாலா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கேட்கவில்லை.

"தண்ணி குடிக்க எழுந்திருப்பாரு, பாவம்" என்றாள் தையல்காரம்மா. எல்லாரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஏணியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அந்த வீட்டில் ஏணி விரிந்து நிற்பது அதிசயமில்லை.

அப்பா நீரேற்று நிலையத்தில் முப்பத்தாறு வருடம் வால்வு பார்த்தவர். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இரண்டு ரப்பர் வாஷர் இருக்கும். தெருவில் அவருக்குப் பெயரே வாஷர்தான். எங்கே தண்ணீர் ஒழுகினாலும் நின்றுவிடுவார். கல்யாண வீட்டில் கை கழுவப் போனவர் கால்மணி நேரம் வரவில்லை என்று தேடினால், அங்கே குழாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை தையல்காரம்மாவின் மிக்சியைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான ஓடுது" என்று முகம் வாடிப்போனார்.

கணவனைப் பிரிந்து வந்தபிறகு மூத்தவள் தன் பெயரில் கடன் போட்டு வாங்கிய வீடு இது. அப்பாவும் அம்மாவும் அவளோடு வந்து சேர்ந்தபோது, "வீடு பாப்பாவோடது, நான் வாட்ச்மேன்" என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். நாற்பத்திரண்டு வயதிலும் அவளை அவர் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். கதவுக் கீல், சுவிட்சு, கழிவறை மிதவை என்று சின்ன ரிப்பேர் எதற்கும் வெளியாள் வந்தது கிடையாது. வீட்டுக் காப்பீட்டில் அந்த மாதிரிச் சில்லறைச் செலவெல்லாம் எப்படியும் சேராது. அதனால் அவளும் விட்டுவிட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் புயலில் முன் ஜன்னல் சட்டத்தோடு பெயர்ந்து விழுந்தது. அது சில்லறை இல்லை. அவள் அலுவலகத்திலிருந்தே காப்பீட்டுக் கம்பெனிக்கு மனு எழுதி அனுப்பிவிட்டு மாலையில் வீடு திரும்புவதற்குள் அப்பா புதுச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, பெயிண்டும் பூசியிருந்தார். உடைந்த கட்டையை அடுப்பெரிக்கக் கேட்ட யாருக்கோ கொடுத்தும் விட்டார். கம்பெனியிலிருந்து வந்தவர் ஜன்னலை மூடித் திறந்து பார்த்து, "சேதம் எதும்மா?" என்று கேட்டார். மனு தள்ளுபடியானது. அன்றைக்கு அவள் அப்பாவிடம் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டாள். "என் வீடுப்பா இது. கேட்டுட்டுச் செய்யுங்க" என்பது அதில் ஒன்று.

ஆகவே பன்னிரண்டு நாளைக்கு முன், மாடிக் குளியலறைக்குப் போகும் குழாய் திரும்பும் இடத்தில் எல்போ வெடித்துத் தண்ணீர் கொட்டி, சீலிங் பலகை விழுந்து, சுவர் அலமாரி ஊறிப்போனபோது அவள் முந்திக்கொண்டாள். அப்பா வால்வைப் பாதி மூடிக் கொட்டுவதைச் சொட்டாக்கினார். முழுக்க மூடினால் அடுப்படிக்குத் தண்ணீர் வராது. "அரைமணி நேர வேலை பாப்பா. எல்போவை மாத்திட்டாப் போதும்" என்று ரெஞ்சைத் தேடிப் போனார். அவள் பாலிசிக் காகிதத்தை எடுத்து வந்து, நான்காம் பக்கத்தின் கடைசி வரிகளை விரல் வைத்து வாசித்துக் காட்டினாள்: நிறுவனத்தின் ஆய்வுக்கு முன் சேதமடைந்த பாகங்களை அப்புறப்படுத்தலாகாது.

"கம்பெனி சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது."

"பன்னெண்டு நாளாகும்னு சொல்றாங்களே. அதுவரைக்கும் சொட்டிக்கிட்டேவா இருக்கும்?"

"சொட்டட்டும்."

அதோடும் அவள் விடவில்லை. அவருடைய கருவிப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள். எழுபத்தொரு வயது மனிதர் பூட்டிய பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி" என்றார். முதல் இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சொட்டு விழும்போதெல்லாம் தோள் லேசாகத் துள்ளும். மூன்றாம் நாளிலிருந்து என்னவோ சாதுவாகிவிட்டார். வாளியைத் தானே கொண்டுபோய்க் கொட்டினார், செடிக்கு ஊற்றினார். பழகிவிட்டார் என்று அவள் நினைத்தாள்.

எட்டரை மணி சுமாருக்கு, நாற்காலிகளை மூன்றாம் முறையாக நகர்த்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். சத்தம் நின்றிருந்தது.

வாளிக்கு முன்னால் போய் நின்றாள். மூன்று விநாடி போயிற்று. பத்து விநாடி. தண்ணீரின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். பலகை விளிம்பில் பாதி திரண்ட ஒரு துளி, விழாமல் தொங்கியது.

அப்பாதான். செய்துவிட்டார். பன்னிரண்டு நாள் பொறுத்தவர், கடைசி நாள் காலையில், யாரும் எழுவதற்கு முன் ஏறி எல்போவை மாற்றிவிட்டார். குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் இவ்வளவு நேரம் வடிந்திருக்கிறது. இன்னும் ஐந்தரை மணி நேரம் பொறுக்க முடியவில்லையா. அந்தப் பாழாய்ப்போன எல்போவுக்காகவா ஏணியில் ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

செத்துப்போனவர் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். கருவிப் பெட்டி பூட்டியபடியே இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்லம்மா."

ரெஞ்ச் இல்லாமல் எப்படி மாற்றினார்? ஏணியடியில் கருவி எதுவும் கிடக்கவில்லை, பாட்டில் மட்டும்தான். ஏறிப் பார்த்துவிடலாம் என்று ஏணியில் கை வைத்தாள். அதற்குள் வாசலில் தம்பியின் குரல் கேட்டது.

தம்பி ராத்திரிப் பயணத்துக்குக் கட்டுகிற பையோடு வந்திருந்தான். அறைக்குள் போய் அரைமணி நேரம் அழுதான். வெளியே வந்து முகம் கழுவியதும் அவன் முதலில் பார்த்தது வாளியைத்தான்.

"இதை இன்னும் சரி பண்ணலையா? போன்ல அப்பா பொலம்பிக்கிட்டே இருந்தாரு."

"என்ன பொலம்பினாரு?"

"முதல்ல பொலம்பினாரு. அப்புறம், 'உங்க அக்கா சொல்றதுலயும் நியாயம் இருக்குடா'ன்னாரு." தம்பி மூக்கை உறிஞ்சினான். "சிரிச்சுக்கிட்டே வேற சொன்னாரு. எனக்கு அப்பவே சந்தேகம், மனுஷனுக்கு உடம்பு சரியில்லையோன்னு."

சர்வேயர் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். தோளில் கேமராப் பை, கையில் அட்டை. வாசல் நாற்காலிகளையும் அதில் உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்து, வீட்டு எண்ணை மறுபடி சரிபார்த்து, விஷயம் புரிந்ததும் பின்வாங்கினார்.

"மன்னிச்சிருங்க. தெரியாம வந்துட்டேன். இன்னொரு நாள் வரேம்மா."

"இல்ல. பாத்துட்டுப் போங்க."

"அக்கா" என்றான் தம்பி, குரலைத் தாழ்த்தி. "அப்பா உள்ள கெடக்காரு. இப்ப செவுத்தையும் சீலிங்கையும் பாக்கணுமா? நாலு பேரு என்ன நெனைப்பாங்க? செத்த வீட்லயும் க்ளெய்ம் கேக்குறான்னு."

"நெனைக்கட்டும்."

"உனக்கு எப்பவுமே ஃபைல்தான் பெருசு."

க்ளெய்முக்காக இல்லை என்று அவனிடம் சொல்ல முடியாது. மேலே அப்பா என்ன செய்தார் என்று தெரியவேண்டும். மூன்று மணிக்கு வண்டி வருவதற்குள் தெரியவேண்டும். அவளே ஏறிப் பார்க்கலாம். ஆனால் காலையிலிருந்து அந்த ஏணியின் முதல் படியில் கால் வைக்க மூன்று முறை முயன்று, மூன்று முறையும் கால் திரும்பிவிட்டது.

சர்வேயர் அலமாரியைப் படமெடுத்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், அட்டையில் எழுதினார். வாளியைச் சுற்றிக்கொண்டு ஏணியில் ஏறி, பலகை இடுக்கில் தலையை நுழைத்து டார்ச் அடித்தார். வெகுநேரம் இறங்கவில்லை. கீழே அவர் கால்கள் மட்டும் ஒன்றையொன்று மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தன.

"எல்போ மாத்தியிருக்கு" என்றார் மேலிருந்து.

"இன்னிக்கு விடிகாலையிலயா?"

"இன்னிக்கு இல்லம்மா. டேப் மேல தூசி படிஞ்சிருக்கு. மாத்திப் பத்து நாளாவது இருக்கும்." சற்று நிறுத்தினார். "நீங்களே கொஞ்சம் ஏறிப் பாருங்களேன். எனக்கு இது என்னன்னு புரியல."

அவர் இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள். ஐந்து படிதான்.

டார்ச் வெளிச்சத்தில் புது எல்போ பளிச்சென்று இருந்தது. மரையில் வெள்ளை டேப் ஒரு பிசிறு இல்லாமல் சுற்றப்பட்டிருந்தது. விரலால் தடவினாள், எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, உத்தரக் கம்பியில், அடிப்பாகம் வெட்டிய இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்று தலைகீழாகக் கட்டித் தொங்கியது. அதன் வாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய். போன வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது நர்ஸ் வீட்டுக்கு வந்து சலைன் ஏற்றிய அதே குழாய். சொட்டைக் கூட்டவும் குறைக்கவும் அதிலிருக்கும் சின்ன உருளையும் அப்படியே இருந்தது. குழாயின் நுனி, பலகை இடுக்குக்கு நேராக, கம்பி வைத்து வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. பாட்டில் காலியாக இருந்தது.

பக்கத்தில் பிளாஸ்டிக் உறையில் பழைய எல்போ. அதோடு நூலில் கட்டிய சீட்டில், நீரேற்று நிலையத்துப் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில்:

"பழைய எல்போ. நூல் கனம் வெடிப்பு. மாற்றியது 4ஆம் தேதி காலை. சர்வேயர் கேட்டால் கொடுக்கவும். அவர் வந்து பார்த்த பிறகு பாப்பாவிடம் சொல்லவேண்டும்."

அவள் இறங்கி வந்து உறையைச் சர்வேயரிடம் கொடுத்தாள். சீட்டை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"மாத்தக் கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன்" என்றாள். "பாலிசியில இருக்கேன்னு."

"பாகத்தைத் தூக்கிப் போடக் கூடாதும்மா, அவ்வளவுதான். ஒழுகுறதை நிறுத்தலாம். நிறுத்தணும். சேதம் பெருசாகாமப் பாத்துக்குறது வீட்டுக்காரங்க பொறுப்புன்னே போட்டிருக்குமே. அஞ்சாம் பக்கத்துல மேலயே இருக்கும்." அவர் எல்போவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நாங்க கேக்குறது இதைத்தான். பழைய பார்ட்டு, தேதி. உங்களுக்குக் கெடைச்சிரும்." பிறகு மேலே கை காட்டினார். "அந்தப் பாட்டில்தான் எனக்குப் புரியல. எங்களுக்குக் காட்டுறதுக்குன்னா, அது தேவையே இல்ல."

"உங்களுக்கு இல்ல" என்றாள் மூத்தவள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். திறந்திருந்த அறைக் கதவையும், உள்ளே கட்டில் விளிம்பில் தெரிந்த இரண்டு பாதங்களையும் பார்த்தார். அட்டையில் ஏதோ எழுதப் போனவர் பேனாவை மூடினார்.

"வேலை தெரிஞ்ச கை" என்றார். "பாட்டிலை நான் எழுதல. வரேம்மா."

அவர் போனதும் தையல்காரம்மா காப்பித் தம்ளரை நீட்டினாள். மூத்தவள் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா உங்க வீட்ல ரெஞ்ச் வாங்கினாராக்கா?"

"ஆமா, பத்துப் பதினோரு நாளாச்சே. எங்க வீட்டுக்காரரோடது, துருப்பிடிச்சுக் கெடந்தது. சாயங்காலமே கொண்டாந்து குடுத்துட்டாரு. எண்ணெய் போட்டுத் துடைச்சு, புதுசு மாதிரி." தையல்காரம்மா முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "பாப்பாட்ட சொல்லிடாதீங்க, என்னைய வீட்டை விட்டுத் தொரத்திடுவான்னாரு. வெளையாட்டுக்குத்தான். எதுக்கும்மா கேக்குற?"

"சும்மாதான்."

தம்பி வந்தான். "என்னவாம்?"

"கெடைக்குமாம்."

"அப்புறம் ஏன் இப்படி நிக்கிற?"

அவள் தம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு நாற்காலி வரிசைக்குப் போனாள். அங்கே நகர்த்துவதற்கு ஒன்றுமில்லை. எல்லா நாற்காலியிலும் ஆட்கள் இருந்தார்கள்.

இரண்டரை மணிக்கு அம்மா முதல்முறையாக அறையை விட்டு எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வாளியைச் சுற்றி நடந்து அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போன மூத்தவள் வாசலில் நின்றாள். அம்மா குழாயடியில், காலையில் உருண்டு கிடந்த அதே பாட்டிலில் தண்ணீர் பிடித்து, மூடியைத் திருகி, மேடையின் மூலையில் வைத்தாள். வைத்த பிறகுதான் தான் செய்ததைப் பார்த்தாள்.

"தினமும் நெறைச்சு வெக்கச் சொல்லுவாரு" என்றாள். "பத்து நாளாத்தான் இந்தப் பழக்கம். காலையில நடக்கப் போறப்ப எடுத்துட்டுப் போறாரு போலன்னு நெனச்சேன். ஒன்றரை லிட்டரை யாரு குடிப்பா?"

அம்மா தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினாள்.

"சத்தத்தையே காணோமே. ஒழுகுறது நின்னுபோச்சா?"

"இல்லம்மா. இன்னும் சரி பண்ணல."

"அவரு கை வெச்சிருந்தா அரைமணி நேரம்" என்றாள் அம்மா. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மறுபடி அறைக்குப் போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

மூத்தவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கிற சத்தமும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தம்பி வழி சொல்வதும் கேட்டன. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அவள் ஐந்து படி ஏறினாள். வெட்டிய பாட்டிலில் தண்ணீரை ஊற்றினாள். உருளையைத் தொட்டாள், அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் திருப்பவில்லை. குழாயில் காற்றுக்குமிழ் ஒன்று மெல்ல ஏறி, தண்ணீர் இறங்கியது. இறங்கி வந்து, ஏணியை மடக்கிச் சுவரில் சாத்தினாள்.

வாளியில் முதல் சொட்டு விழுந்தது.

நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து வந்தார்கள். முன்னால் தம்பி. நடைவழி குறுகல்; வாளி இருந்தால் நாலு பேரும் போகமுடியாது.

"அக்கா, இப்பவாவது அதை எடு."

அவள் குனிந்து வாளியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். அவர்கள் பார்த்துப் பார்த்து அடி வைத்துக் கடந்தார்கள். மேலிருந்து ஒரு சொட்டு வெள்ளைத் துணியில், சட்டைப் பை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விழுந்து பரவியது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று விநாடி கழித்து அடுத்தது விழுந்தபோது அவர் வாசலுக்குப் போயிருந்தார். அது தரையில் விழுந்தது.

அவள் வாளியைப் பழைய இடத்திலேயே, ஈரத்தின் மேல் சரியாக வைத்துவிட்டு, அவர்கள் பின்னால் போனாள்.